சூரியச் சுடர்களைக் காட்டும் இலவச எக்ஸ்-கதிர்த் தரவுச் சேவைகள்: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

பகல் நேரத்தில் டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க்குடன் அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிர்முனைக் குரலோடு பின்னணி இரைச்சலும் சேர்ந்து ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிட்டால், ரேடியோவைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் சூரியனைப் பார்ப்பதே முறை. சூரியச் சுடரிலிருந்து, அதாவது சூரியனில் திடீரென எழும் வெடிப்பிலிருந்து, புறப்படும் எக்ஸ்-கதிர்கள் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் பூமியை எட்டி, தரைக்கு 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கை, அதாவது அயனி மண்டலத்தின் அடி அடுக்கை, வெகுவாக மின்னேற்றிவிடுகின்றன. வழக்கமாக அந்த அடுக்கைக் கடந்து மேலே சென்று வளைந்து திரும்பும் சிற்றலைகள் அப்போது அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. அந்த எக்ஸ்-கதிர்களைக் காற்று மண்டலம் தரைவரை விடுவதில்லை. எனவே அவற்றை அளக்க விண்கலங்கள் வேண்டும். அப்படி அளந்தவற்றை யாரும் காசு கட்டாமல் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் சேவைகளையே இங்கு மதிப்பிடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டவற்றில் முதலாவது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையத்தின் கோஸ் எக்ஸ்-கதிர்ப் பக்கம். இரண்டாவது, ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் கலத்தில் உள்ள ஸ்டிக்ஸ் கருவியின் தரவு மையம். அதை அடுத்து இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா-எல்1-இன் தரவுகள் கிடைக்கும் பிரதான் தளத்தையும், நம் தென்னாப்பிரிக்காவின் தேசிய விண்வெளி முகமையான சன்சா ஹெர்மானஸிலிருந்து வழங்கும் விண்வெளி வானிலைச் சேவையையும் பார்க்கிறேன். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் கலங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது வாசகருக்கு உதவும். நாள்தோறும் திறந்து வைத்திருக்க வேண்டியது கோஸ் பக்கம். ஆனால் ஒரு சுடரை உண்மையில் அறிந்துகொள்ள வேண்டுமானால் குறைந்தது வேறோர் இடத்தில் நிற்கும் இன்னொரு கலத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும், அதற்கு இன்று பொதுமக்களுக்குக் கிடைப்பவற்றுள் ஸ்டிக்ஸ் தரவு மையமே முதலிடம் பெறுகிறது.

கோஸ் செயற்கைக்கோள்கள் 1975 முதல், பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதாகத் தோன்றும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருந்து சூரியனின் எக்ஸ்-கதிரை இரண்டு அலைநீளப் பட்டைகளில் அளந்து வருகின்றன. ஒன்று 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை, மற்றொன்று 0.5 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் வரை. சுடர்களுக்கு நாம் சொல்லும் சி, எம், எக்ஸ் என்னும் வகைப்பெயர்கள் எல்லாம் முதற்பட்டையின் உச்ச அளவிலிருந்து பிறந்தவை. சதுர மீட்டருக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாட் என்றால் சி1, லட்சத்தில் ஒரு பங்கு என்றால் எம்1, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் எக்ஸ்1. பக்கத்தைத் திறந்தவுடன் சிவப்பில் நீள்பட்டையும் நீலத்தில் குறும்பட்டையும் நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக ஓடுவதைக் காணலாம். ஆறு மணி நேரம் முதல் ஏழு நாள் வரை காலத்தை விரித்துக்கொள்ளலாம். இதே எண்கள் தனிக் கோப்பாகவும் கிடைப்பதால், படம் முழுவதையும் திரும்பத் திரும்ப இறக்காமல் கோப்பை மட்டும் எடுத்துச் சொந்தமாக வரைந்துகொள்ள முடியும். மின்வெட்டு நேரத்தில் கைபேசி இணைப்பை நம்பி இருப்பவர்களுக்கு இது சிறிய உதவியன்று.

இந்தப் பக்கத்தின் வலிமையை 2024 அக்டோபர் 3 அன்று தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒவ்வொரு சிற்றலைக்காரரும் உணர்ந்திருப்பார். அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.18-க்கு எக்ஸ்9.0 அளவுடைய சுடர் உச்சத்தைத் தொட்டது. பூமியிலிருந்து பார்க்கையில், ஏறத்தாழப் பதினோர் ஆண்டு நீளும் இந்தச் சூரியச் செயல்பாட்டுச் சுழற்சியில் அதுவரை கண்ட சுடர்களுள் அதுவே மிகப் பெரியது. சூரியன் நேர் உச்சியில் நின்ற இடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே அட்லாண்டிக் கடல்; டர்பனில் அப்போது வடமேற்கு வானில் ஏறத்தாழப் பாதி உயரத்தில் இருந்தது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் கதிருக்கு நேர் எதிரே இருந்த நேரம் அது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் மூத்த நண்பர் ஒருவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், தொலைபேசியில் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, என் பெட்டி செத்துப் போச்சா, இல்ல எல்லாருக்கும் இப்படியா?" என்பதுதான். கோஸ் கோடு செங்குத்தாக ஏறி நின்றதைப் பார்த்தவுடன் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. தாழ்ந்த அதிர்வெண்கள் முதலில் விழுந்து கடைசியில் மீளும், உயர்ந்த அதிர்வெண்கள் கடைசியில் விழுந்து முதலில் மீளும் என்பதால், 40 மீட்டரை விட்டு, அலைநீளம் குறைந்து அதிர்வெண் உயர்ந்த 15 அல்லது 10 மீட்டருக்கு ஏறிக் காத்திருப்பதே அப்போது செய்யக்கூடியது. எந்த அதிர்வெண் வரை உறிஞ்சப்படுகிறது என்பதை உலக வரைபடத்தில் நிறமிட்டுக் காட்டும் டி அடுக்கு உறிஞ்சல் கணிப்பும் அதே மையத்தில் உண்டு. அதுவும் கோஸ் எண்ணிலிருந்தே கணிக்கப்படுகிறது.

கோஸ் கோடு உயர்ந்தால் நமக்குத் தொல்லை என்று எப்போதும் கொள்ளக் கூடாது. 2024 மே 10 அன்று வந்த எக்ஸ்3.9 சுடர் நம் நேரம் காலை 8.54-க்கு உச்சம் தொட்டதால் நம் பகலைப் பாதித்தது. மறுநாள் வந்த எக்ஸ்5.8 சுடரோ அதிகாலை 3.23-க்கு, மே 14-இன் எக்ஸ்8.7 சுடர் மாலை 6.51-க்கு. இரண்டும் எண்ணில் பெரியவை என்றாலும் டர்பனில் அப்போது இரவு, ஆகவே நம் தலைக்கு மேலுள்ள டி அடுக்கை அவை தொடவே இல்லை. பக்கத்தில் உள்ள நேரங்கள் எல்லாம் உலக நேரத்தில் இருப்பதால் இரண்டு மணியைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லாத புதியவர்கள் இங்கே எளிதில் தடுமாறுவார்கள்.

இனி இந்தச் சேவையின் எல்லைகள். சம இரவு நாள்களை ஒட்டிய வாரங்களில் புவிநிலைச் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் அதன் நள்ளிரவில் பூமியின் நிழலுக்குள் புகுகிறது. அதிகபட்சமாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் அது சூரியனைக் காணாது. கிழக்குக் கோஸ் மேற்குத் தீர்க்கரேகை 75 பாகைக்கு அருகிலும், மேற்குக் கோஸ் 137 பாகைக்கு அருகிலும் நிற்பதால், நம் கடிகாரத்தில் முதலாவதின் இடைவெளி காலை 7 மணியை ஒட்டியும் இரண்டாவதின் இடைவெளி 11 மணியை ஒட்டியும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மறைவதில்லை. ஒன்று மறையும்போது மற்றொன்றின் கோட்டைப் பார்க்கலாம். பக்கத்தில் இரண்டாம் செயற்கைக்கோளின் கோட்டையும் சேர்த்துக் காட்டுவது இந்தக் காரணத்தால்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் காலையில் கோடு அறுந்திருப்பதைக் கண்டு சேவை பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இதைவிடக் கவனம் வேண்டுவது பழைய எண்களை ஒப்பிடும்போது. கோஸ்-16-க்கு முந்தைய செயற்கைக்கோள்களின் நீள்பட்டை அளவுகளை, அவற்றுக்கும் முந்திய கருவிகளோடு இணங்கி வருவதற்காக 0.7-ஆல் பெருக்கி வெளியிட்டு வந்தார்கள். கோஸ்-16 முதல் அந்தக் குறைப்பு நீக்கப்பட்டு உண்மையான அளவே வெளியாகிறது. அதனால் 2017 செப்டம்பர் 6 அன்று எக்ஸ்9.3 என்று அறிவிக்கப்பட்ட சுடரைத் திருத்திய அளவில் எழுதினால் எக்ஸ்13.3 ஆகிறது. 2024 அக்டோபர் சுடரின் எக்ஸ்9.0 என்பதோ புதிய அளவில் உள்ள எண். இரண்டையும் அருகருகே வைத்து "ஏறக்குறைய சமம்" என்று எழுதும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய உலவுகின்றன; உண்மையில் 2017-இன் சுடர் ஒன்றரை மடங்கு பெரியது. நோவாவின் சுற்றுச்சூழல் தகவல் காப்பகத்தில் மறு அளவீடு செய்த தரவுகளே கிடைக்கின்றன. ஆய்வுக்கோ பள்ளிச் செயல்திட்டத்துக்கோ பழைய சுடர்களை எடுப்பவர்கள் அங்கிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். 2003 நவம்பர் 4-இன் பெருஞ்சுடரில் கருவியே நிறைந்துபோய்க் கோடு உச்சியில் தட்டையாக நின்றுவிட்டது. எக்ஸ்28 என்பது மதிப்பீடு மட்டுமே. அயனி மண்டலத்தின் மாற்றத்தை மிகத்தாழ் அதிர்வெண் வானொலி வழியாக அளந்த நியூசிலாந்து ஆய்வாளர்கள் அதை எக்ஸ்45 அளவுக்கு மதிப்பிட்டார்கள் என்பது வானொலிக்காரர்களாகிய நமக்குப் பெருமையான செய்தி.

எல்லாவற்றுக்கும் மேலான எல்லை வேறு. இந்தப் பக்கம் முழுச் சூரியனுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது. சுடர் எங்கே எழுந்தது என்பதைக் கோடு சொல்லாது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் சுடர் எழுந்தால் இரண்டும் கலந்து ஒன்றாகத் தெரியும். சூரியனின் மறுபக்கம் நடப்பது இதற்கு எட்டவே எட்டாது. அந்த இடத்தில்தான் ஸ்டிக்ஸ் நம் துணைக்கு வருகிறது.

சோலார் ஆர்பிட்டர் 2020 பிப்ரவரியில் ஏவப்பட்டது. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வரும் அந்தக் கலம், மிக அருகில் செல்லும்போது சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள தூரத்தில் பத்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவான இடத்துக்கே போய்விடுகிறது. அதிலுள்ள ஸ்டிக்ஸ், சுவிட்சர்லாந்தின் தலைமையில் உருவாக்கப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி. 4 முதல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள கதிர்களை 32 காட்மியம் டெல்லுரைடு உணர்விகளால் பதிவு செய்கிறது. கடின எக்ஸ்-கதிர் எனப்படும் இத்தகைய ஆற்றல் மிகுந்த கதிரை ஆடியாலோ சாதாரண வில்லையாலோ குவிப்பது மிகக் கடினம் என்பதால், முன்னும் பின்னுமாக வைத்த நுண்ணிய டங்ஸ்டன் கம்பிச் சட்டங்களின் வழியே கதிரை விடுகிறார்கள். இரண்டு கொசுவலைகளை ஒன்றின் பின் ஒன்றாகப் பிடித்தால் தோன்றும் அலைக்கோலத்தைப் போன்ற ஒன்று உணர்வியின் மேல் விழுகிறது. சுடர் சூரியனில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஏற்ப அந்தக் கோலம் நகர்கிறது. முப்பது சட்ட இணைகளின் கோலங்களைக் கணிதத்தால் கோத்தால் படம் கிடைக்கிறது. 2002 முதல் 2018 வரை இயங்கிய ரெஸ்ஸி செயற்கைக்கோளும் சட்டங்களைக் கொண்டே படம் எடுத்தது, ஆனால் அதற்காக அந்தக் கலமே சுழன்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. சுழலாமலே அதைச் செய்வது ஸ்டிக்ஸின் சிறப்பு.

தரவு மையத்தின் பக்கத்தில் நான்கு விநாடிக்கு ஒரு புள்ளியாக ஐந்து ஆற்றல் பட்டைகளின் கோடுகளையும், கண்டறியப்பட்ட சுடர்களின் பட்டியலையும், அந்த நேரத்தில் கலம் சூரியனைச் சுற்றி எங்கே நின்றது என்னும் படத்தையும் காணலாம். கோஸ் கோட்டின் மென்மையான ஏற்றத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கோடுகள் முதலில் முரடாகத் தோன்றும். 4 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பட்டை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அது கோடிக்கணக்கான பாகைக்குச் சூடேறிய பிளாஸ்மாவின், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவின், ஒளி. 25-க்கு மேற்பட்ட பட்டைகளோ சில விநாடிகளில் குத்துக் குத்தாக எழுந்து அடங்கும். அவை, முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்கள் காந்த வளையத்தின் அடியில் உள்ள அடர்ந்த வாயுவில் மோதித் தடுக்கப்படும்போது எழுபவை. கடினக் கதிரின் குத்துகள் எழும் நேரமும், ஆற்றல் குறைந்த மென்கதிரின் கோடு மிகச் செங்குத்தாக ஏறும் நேரமும் பல சுடர்களில் பொருந்தி வருகின்றன; இத்தகைய பொருத்தத்தைச் சூரிய ஆய்வாளர் வெர்னர் நியூபர்ட் 1968-இல் நுண்ணலைக் கதிர்களைக் கொண்டு சுட்டிக்காட்டியதால் அந்தத் தொடர்பு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எலக்ட்ரான்கள் கொண்டுவந்து கொட்டிய ஆற்றலின் மொத்தக் கணக்கே மென்கதிர்க் கோட்டின் உயரம் என்று இதற்குப் பொருள். கோஸ் கோட்டையும் ஸ்டிக்ஸ் கோட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து இதைத் தானே கண்டுகொள்ளும் பதினொன்றாம் வகுப்பு மாணவர், இயற்பியல் பாடநூலில் வரும் தொகையிடலை அதன் பிறகு மறக்கமாட்டார்.

அப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக வைக்கும்போது நேரத்தைச் சரி செய்யாவிட்டால் எல்லாம் வீண். சூரியனிலிருந்து ஒளி பூமிக்கு வர 499 விநாடி ஆகிறது. சோலார் ஆர்பிட்டர் பத்தில் மூன்று பங்கு தூரத்தில் இருந்தால் அதற்கு 150 விநாடியிலேயே சென்றுவிடும். ஒரே சுடர், கலத்தின் கடிகாரத்தில் ஏறக்குறைய 349 விநாடி முன்னதாகப் பதிவாகும். கோட்டின் கீழே குறித்த நேரம் கலத்தில் பதிவானதா, பூமிக்கு ஏற்பத் திருத்தியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதே தூரத்தில் கதிரின் வலிமையும் பதினொரு மடங்கு கூடும். எனவே எண்ணிக்கை உயர்ந்திருப்பதைக் கண்டு பெருஞ்சுடர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த இரண்டு திருத்தங்களையும் செய்யத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

இந்தச் சேவையின் அருமை முழுமையாக வெளிப்பட்டது 2024 மே மாதத்தில். 13664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் மே 10 இரவில் உலகெங்கும் பெரும் காந்தப் புயலைக் கிளப்பி, மேற்குக் கேப் மக்களுக்கே துருவ ஒளியைக் காட்டிவிட்டு (அந்தப் புயலைக் கொண்டுவந்தவை சுடரின் எக்ஸ்-கதிர்கள் அல்ல, அவற்றோடு வீசியெறியப்பட்ட பிளாஸ்மா மேகங்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்), மே 14-இல் சூரியனின் விளிம்பைக் கடந்து மறைந்தது. கோஸ் கோட்டைப் பொறுத்தவரை அந்தக் கூட்டத்தின் கதை அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் அப்போது சோலார் ஆர்பிட்டர் சூரியனின் மறுபக்கத்தில் இருந்தது. மே 20 அன்று அதே கூட்டம் எழுப்பிய சுடரை ஸ்டிக்ஸ் பதிவு செய்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை அதை எக்ஸ்12 வகை என்று மதிப்பிட்டது. பூமியிலிருந்து பார்த்த எந்தச் சுடரும் அதுவரை அந்தச் சுழற்சியில் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. மே மாத இறுதியில் அந்தக் கூட்டம் 13697 என்னும் புதிய எண்ணுடன் நம் பக்கம் திரும்பி வந்து மீண்டும் எக்ஸ் வகைச் சுடர்களை எழுப்பியபோது, ஸ்டிக்ஸ் பட்டியலைப் பார்த்து வந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

ஸ்டிக்ஸ் பட்டியலில் வரும் வகைப்பெயரை எப்படிக் கொள்வது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோஸ் அளக்கும் பட்டையும் ஸ்டிக்ஸ் அளக்கும் பட்டையும் ஒன்றல்ல. இரண்டு கலங்களும் சேர்ந்து கண்ட பல சுடர்களைக் கொண்டு ஒரு தொடர்பை வகுத்து, மறுபக்கச் சுடர் பூமியை நோக்கி இருந்திருந்தால் கோஸில் எவ்வளவு காட்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பெருஞ்சுடர்களில் அந்த மதிப்பீட்டின் இருபுறமும் விரிந்த இடைவெளி உண்டு; எக்ஸ்12 என்பதைப் பதின்மக் கணக்குவரை நம்பி வாதிடுவது பொருந்தாது.

இந்தச் சேவையின் குறை தாமதம். தொலைவில் உள்ள கலம், வரையறுக்கப்பட்ட தொடர்பு நேரம், சூரியனுக்கு அப்பால் இருக்கும் நாள்கள் ஆகிய காரணங்களால் விரைவுப் பார்வைக் கோடுகளே நாள் கணக்கில் பிந்தி வரலாம். படம் ஆக்கத் தேவையான விரிவான தரவு அதற்கும் பிறகு, தேர்ந்தெடுத்த சுடர்களுக்குத்தான் வருகிறது. ஆகவே நடந்துகொண்டிருக்கும் சிற்றலை மறைவுக்கு விடை தேடி இங்கே வரக் கூடாது. நடந்து முடிந்ததை ஆராய வேண்டியவர்களுக்கு இதைவிட நேர்த்தியான பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு இடங்களிலிருந்து ஒரே சுடரைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு, அதுவே இந்தத் துறையினரை மிகவும் கவர்வது. ஒரு கலத்துக்குச் சுடரின் அடிப்பாகம் சூரிய விளிம்பால் மறைந்து மேல்வளையம் மட்டும் தெரியும். மற்றொன்றுக்கு முழுச் சுடரும் தெரியும். அடியின் பேரொளி மறைந்ததால்தான் வளைய உச்சியின் மங்கலான கடினக் கதிரை முதற்கலம் தெளிவாகப் பிரித்தறிய முடிகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் எலக்ட்ரான்கள் எங்கே முடுக்கம் பெறுகின்றன என்பதை நெருங்கலாம். விளிம்பு குறுக்கிடாத நிலையிலும், இரு கோணங்களில் கிடைக்கும் கதிரின் வலிமை வேறுபட்டால், எலக்ட்ரான்கள் எந்தத் திசையை நோக்கிப் பாய்ந்தன என்பதற்கு அது சான்று. 2022 அக்டோபரில் ஏவப்பட்ட சீனாவின் ஏஎஸ்ஓ-எஸ் கலமும் பூமிக்கு அருகிலிருந்து கடின எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதால், ஸ்டிக்ஸுடன் சேர்த்து இப்படிப்பட்ட இரட்டைப் பார்வை இப்போது வாய்க்கிறது.

பூமிக்கு அருகிலுள்ள தாழ்ந்த பாதையில் ஓடும் கலங்களை நம்புவதில் தென்னாப்பிரிக்கர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தென் அமெரிக்காவுக்கும் நமக்கும் இடைப்பட்ட தென் அட்லாண்டிக்கின் மேல் பூமியின் காந்தப்புலம் வலுவிழந்து, கதிர்வீச்சு மண்டலத்தின் துகள்கள் மிகத் தாழ இறங்கி வருகின்றன. நாசாவின் ஃபெர்மி போன்ற கலங்கள் அந்தப் பகுதியைக் கடக்கும்போது உணர்விகளைக் காக்க அவற்றை அணைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பூமியே சூரியனை மறைக்கும் நேரமும் உண்டு. அதனால் ஃபெர்மியின் சுடர்த் தரவு துண்டு துண்டாகவே இருக்கும். பெருஞ்சுடரின் முக்கியமான நிமிடங்கள் விடுபட்டுப் போவதும் நடக்கும். தரவின் நுட்பம் மிக உயர்ந்தது, தொடர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. வானொலிக்காரருக்கு இது அவசியமில்லை.

ஆதித்யா-எல்1 எழுப்பும் எதிர்பார்ப்பு வேறு வகையானது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்த அந்தக் கலத்தின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்தவர் என்பதை, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் சூரியன் பக்கமாக நிற்பதால் அதற்கு நிழலும் இல்லை, இரவும் இல்லை. சுடரின் ஒளி நம்மைவிட ஐந்து விநாடி முன்பே அதை எட்டுகிறது. சோலெக்ஸ் என்னும் கருவி 2 முதல் 22 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையும், ஹீலியோஸ் என்னும் கருவி ஏறத்தாழ 10 முதல் 150 வரையும் நிறமாலையைப் பதிவு செய்கின்றன. சோலெக்ஸில் துளையளவு வேறுபட்ட இரண்டு உணர்விகள் உண்டு. சிறுசுடருக்குப் பெருந்துளையும் பெருஞ்சுடருக்குச் சிறுதுளையும் பயன்படுவதால் 2003-இல் கோஸுக்கு நேர்ந்ததைப் போல நிறைந்துபோகும் அச்சம் குறைகிறது. கோஸ் இரண்டு எண்களைக் கொண்டு பிளாஸ்மாவின் வெப்பநிலையைத் தோராயமாகச் சொல்லும் இடத்தில், சோலெக்ஸின் நிறமாலை இரும்பு போன்ற தனிமங்களின் கோடுகளைக் கொண்டே அதைச் சொல்கிறது. படம் எடுக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி மட்டும் இதில் இல்லை.

தரவுகள் 2025 முதல் பொதுவில் கிடைக்கின்றன. பிரதான் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு நாள்வாரியாகக் கோப்புகளை இறக்க வேண்டும். அவை வானியலாளர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ் கோப்பு வடிவத்தில் இருப்பதால் பைதான் நிரலோ அதற்கென உள்ள மென்பொருளோ தெரியாமல் திறந்து பார்க்க இயலாது. வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இயற்பியல் படிக்கும் மாணவருக்கு இது பெரிய தடையன்று, டோங்காட் அண்ணனுக்குத் தடைதான். நான் இந்திய விண்வெளி நிறுவனத்திடம் வேண்டுவது மிகச் சிறிய ஒன்று: ஸ்டிக்ஸ் மையம் செய்வதைப் போல, அன்றன்றைய கோடுகளை, பதிவு எதுவும் கேட்காமல், எந்தக் கைபேசியிலும் தெரியும்படி ஒரு பக்கத்தில் முன்னிறுத்த வேண்டும். இடையறாது சூரியனைப் பார்க்கும் கண் அங்கே இருக்கிறது. அது கண்டதை உலகத் தமிழர் பார்க்க அந்த ஒரு பக்கம் போதும். தற்போதைய நிலையில், தரவின் தரத்துக்கு முழு மதிப்பெண்ணும், பொதுமக்களுக்கு எட்டும் தன்மைக்குப் பாதியும் கொடுப்பேன்.

ஹெர்மானஸில் உள்ள சன்சா எக்ஸ்-கதிர்க் கலம் எதையும் நடத்தவில்லை. மற்றவர்கள் அளந்ததை நம் வானத்துக்கு ஏற்ப விளக்கித் தருவதே அதன் பணி. அந்த இடத்தின் வரலாறே ஒரு பாடம். கேப் டவுனில் 1932-இல் தொடங்கிய காந்தப்புல ஆய்வகம், புறநகர் ரயில்கள் மின்மயமானதால் அளவீடு கெட்டு, 1941-இல் ஹெர்மானஸுக்கு இடம் மாறியது. 2022 நவம்பரில் அங்கே இருபத்துநான்கு மணி நேர விண்வெளி வானிலை மையம் திறக்கப்பட்டது. விமானங்களுக்கான எச்சரிக்கைகளும், சிற்றலைக்கு எந்த அதிர்வெண் பொருந்தும் என்னும் கணிப்புகளும் அங்கிருந்து வருகின்றன. அமெரிக்கப் பக்கத்தில் உலகம் முழுவதுக்கும் சொன்ன எச்சரிக்கை, நமக்குப் பகலா இரவா என்று நாமே கணக்கிட வேண்டிய நிலையில் இருக்கும். சன்சாவின் செய்தி இந்த நாட்டை நினைத்து எழுதப்பட்டது. புதிதாக உரிமம் பெறும் அமெச்சூர் ரேடியோக்காரர் முதலில் இதிலிருந்தே தொடங்கட்டும்.

நடைமுறையில் நான் பரிந்துரைக்கும் வழி இது. அலைவரிசை அடங்கியவுடன் கோஸ் பக்கத்தில் இரு செயற்கைக்கோள்களின் கோடுகளையும் பார்க்க வேண்டும். எம்5-ஐக் கடந்தால் அந்த மையமே எச்சரிக்கை வெளியிடும். அதை மின்னஞ்சலில் பெற இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். மறுநாளோ அடுத்த வாரமோ ஸ்டிக்ஸ் தரவு மையத்தைத் திறந்து, கோடுகளுக்குப் போகும் முன் கலம் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். பூமியும் கலமும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் இரு கோடுகளையும் நேரடியாக ஒப்பிட்டு நியூபர்ட் தொடர்பைச் சோதிக்கலாம். ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் கோஸ் கண்ட விளிம்புச் சுடரை அது நேரே கண்டிருக்கக்கூடும். எதிர்ப்பக்கத்தில் இருந்தால், அங்கே கோஸ் காணாத சுடர்கள் எவை எழுந்தன என்பதைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, சூரியன் அரைச் சுற்றுத் திரும்ப ஆகும் இரண்டு வாரத்துக்குப் பகல் நேரத் தொடர்புகளை உயர்ந்த அதிர்வெண்களில் வைத்துக்கொள்ளத் திட்டமிடலாம்.